ஸ்டிக்கர் பசையைப் பற்றி ஒரு சந்தேகம்

தொட்டித் தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடந்த பாட்டிலைத் துழாவி எடுத்து, ஊறிய காகிதத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள் செண்பகக்கனி. லேபிள் முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. கையை உதறினாள், அது தண்ணீரில் மல்லாந்து மிதந்தது, அதில் அச்சடித்திருந்த மாம்பழம் நனைந்த பிறகும் பளபளவென்றுதான் இருந்தது. பாட்டிலைக் குலுக்கிக் கொட்டி வலது பக்கத்துக் கூடையில் கவிழ்த்தாள். அடுத்தது. பேப்பர் லேபிளுக்கு மைதாப் பசைதான் போடுகிறார்கள், ஒரு மணி நேரம் ஊறினால் சொன்ன பேச்சுக் கேட்கும். ஸ்டிக்கர்தான் அடம். நாள் முழுக்க ஊறினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும். அதைத் தனியாக ஒதுக்கி, பஜ்ஜிக் கடையிலிருந்து வாங்கி வந்த கறுத்த எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி வெயிலில் வைத்தால், அரை மணியில் ஓரம் சுருண்டு கொடுக்கும். அப்புறம் கரண்டிக் காம்பால் சுரண்டி, சோப்புத் தூளில் அலசினால் பாட்டில் புதுசுபோல ஆகிவிடும், பினாயில் காய்ச்சுகிறவர்களும் நல்லெண்ணெய் அடைக்கிறவர்களும் வாங்கிக்கொள்வார்கள். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாலு வருசமாய் இதுதான் வேலை. கைக்குத் தெரியும், எது தண்ணீருக்கு மசியும், எது எண்ணெய்க்கு மசியும் என்று. ஏன் என்றுதான் தெரியாது. தண்ணீருக்கு மசியாதது எண்ணெய்க்கு மசிகிறதே, அப்படி என்ன சொந்தம் இரண்டுக்கும் என்று நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததுமே காது இரண்டும் சுட்டன. அதைத்தான் எழுதித் தொலைத்தாள். மனசுக்குள் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். போனில் வருகிற பாட வீடியோவுக்குக் கீழே, ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடத்தில், அதுவும் அவுக போனில், அவுக பேரில், மீசை வைத்த அவுக போட்டோவுக்குப் பக்கத்தில். இப்போது அந்தப் போன் அவள் புருசன் தவசிலிங்கத்தின் சட்டைப்பைக்குள் உட்கார்ந்து, லோடு ஆட்டோவில் விருதுநகரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

என்ன எழுதினாள் என்பது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது, மறக்க முடிந்தால்தானே. மிஸ், நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டேதான் உங்க பாடம் பார்க்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிச்சிருங்க. பேப்பர் லேபிள் தண்ணியில விடுது, ஸ்டிக்கர் விடமாட்டேங்குது, எண்ணெய் தடவினா விடுது. எண்ணெய்க்கும் அந்தப் பசைக்கும் அப்படி என்ன சொந்தம்? இவ்வளவுதான். இதை ஒற்றைக் கட்டைவிரலால் தட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது, பிள்ளை மிதுனா மார்பில் வாயை வைத்துக்கொண்டே காலால் போனை உதைப்பாள், எழுத்து எங்கேயோ போய்விடும், திரும்பவும் முதலிலிருந்து. அனுப்புகிற அம்புக்குறியை அமுக்கும்போது கூட அவளுக்கு உறைக்கவில்லை. அவள் எழுதினால் அவள் எழுதினதாகத்தானே இருக்கும் என்று நினைத்துவிட்டாள், இப்படியும் ஒரு மண்டு உண்டா. இன்றைக்குக் காலையில் திறந்து பார்த்தால், அந்தக் கேள்விக்கு மேலே தவசிலிங்கம் என்று பெரிசாகப் பேர், பக்கத்தில் ஆயுத பூசையன்றைக்கு ஆட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு அவன் நிற்கிற படம், அந்தப் படம் சொல்கிறது, பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டேதான் உங்க பாடம் பார்க்கிறேன். கீழே வரிசையாகச் சிரிப்பு மூஞ்சிகள், கண்ணில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க. ‘அண்ணாச்சி, ஒரு நேரத்துக்கு எத்தனை லிட்டர்?’ ‘பால் சொசைட்டிக்குச் சொல்லிவிடுங்கப்பா.’ ‘மீசைக்குப் பின்னால ஒரு தாயுள்ளம் இருக்கு, கிண்டல் பண்ணாதீங்க.’ இத்தனைக்கும் நடுவில், பாடம் நடத்துகிற கோதை மிஸ் மட்டும் சிரிக்காமல் எழுதியிருந்தாள், ‘நல்ல கேள்வி. அடுத்த பாடத்தில் சொல்கிறேன். இதைக் கேட்டது யார், உங்கள் பெயர் என்ன?’ அதைப் படித்து முடிப்பதற்குள் கண் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. நிவேதா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள், ‘ஐயோ, இது எங்க கடைக்கு வர்ற பாட்டில் அண்ணாச்சி!’ நிவேதா பழைய பேப்பர் கடைக்காரர் மகள், பதினொன்று படிக்கிறவள். செவ்வாயும் சனியும் பத்தரை மணிக்குத் தவசிலிங்கம் அந்தக் கடைக்குத்தான் பாட்டில் எடுக்கப் போவான். இன்றைக்குச் செவ்வாய். அழிப்பது எப்படி என்று அவள் தடவிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே அவன் கை நீண்டது. “இந்தா, போனைக் குடு.” “இல்ல, பிள்ளைக்குப் பாட்டுப் போடணும்.” “பிள்ளை தூங்குது. யாருக்குப் பாட்டு, உனக்கா?” என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு. திரும்பி வரும்போது அது இருக்காது.

அடுத்த பாட்டில். இது ஸ்டிக்கர், இடது பக்கம் போ. யார் இவளைப் படி என்று சொன்னது? பிள்ளை பிறந்த மூன்றாம் மாசம், பால் குடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள், அத்தனை நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளை அழுதா பாட்டுப் போடு என்று போனைக் கொடுத்து, புள்ளிகளை இணைத்துப் போனைத் திறக்கிற கோட்டையும் அவனேதான் விரலைப் பிடித்துப் போட்டுக் காண்பித்தான். தாலாட்டைத் தேடப் போன இடத்தில் தண்ணீர்ச் சொட்டு ஒன்று குழாய் முனையில் தொங்கிக்கொண்டிருக்கிற படம் வந்தது, ‘இது ஏன் விழாமல் தொங்குகிறது?’ என்று கீழே எழுதியிருந்தது, தொட்டுவிட்டாள். ஆறே நிமிசம். ‘வாங்க கண்ணுங்களா’ என்று ஒரு பெண் ஆரம்பித்தாள், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண், பின்னால் அவள் வீட்டுச் சமையலறை அலமாரி. அந்தக் கண்ணுங்களாவில் தானும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டது முதல் வெட்கம். அது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டது. கல்யாண வீட்டில் அழைக்காத பந்தியில் போய் உட்கார்ந்த மாதிரி, யாராவது கையைப் பிடித்து எழுப்பிவிடுவார்களோ என்றே ஒவ்வொரு பாடமும் பார்த்தாள், ஒற்றைக் காதில் மட்டும் ஒயரைச் செருகி, மற்றக் காதை மாமியாருக்குத் திறந்து வைத்துக்கொண்டு. மூலக்கூறு என்றால் கண்ணுக்குத் தெரியாத பொடிசு. தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் பிளஸ், ஒரு பக்கம் கொஞ்சம் மைனஸ், இதன் பிளஸ் அதன் மைனஸைப் பிடித்துக்கொள்ளும், அதன் பிளஸ் அடுத்ததை, அப்படியே கைகோத்துக்கொண்டு கிடப்பதுதான் தண்ணீர். அதனால்தான் சொட்டு தொங்குகிறது. இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதிக்கும்போது தண்ணீர் உடைவதில்லையாம், ஒன்றையொன்று பிடித்த பிடிதான் விடுகிறதாம், ஆவியாகப் போவதும் அதே முழுத் தண்ணீர்தானாம். இதைக் கேட்ட மறுநாள் இட்லிச் சட்டி மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள், முகத்தில் ஆவி அடிக்க, போறீங்களா போங்க போங்க என்று, மாமியார் “அடி தீயுது பிள்ள” என்று சொல்கிற வரைக்கும். எண்ணெய்க்கு அந்தப் பிளஸ் மைனஸ் எல்லாம் நிரந்தரமாய்க் கிடையாது, இருந்தாலும் ஒரு நொடி ஒரு பக்கம் சாயும், அது சாய்ந்தவுடன் பக்கத்தில் இருப்பதும் சாயும், பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி என்று மிஸ் தன் தலையைச் சாய்த்துக் காட்டினாள். வெள்ளைக்காரர் ஒருத்தர் பேரில் அந்த விசை, பேர் வாயில் நுழையவில்லை, சாய்வது மட்டும் நுழைந்துவிட்டது. பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ்ஸில் அவுக தோள் இவள்மேல் சாய்ந்தது, முந்தின மூன்று நாளும் கண்மூடாத மனுசன், வாயைத் திறந்துகொண்டு தூங்கினார், இவளும் பிள்ளையோடு அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டாள். கல்லூரணி விலக்கு ஸ்டாப் வந்ததும் விழித்து, தள்ளி உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அது இருந்ததா இல்லையா? அந்த விசையெல்லாம் ரொம்பப் பலவீனம், ஆனால் நிறையச் சேர்ந்தால் கணக்கில் வரும் என்றாள் மிஸ்.

அந்த மனுசரைப் போய் ஊர் சிரிக்க வைத்துவிட்டாள். அவர் இன்னேரம் கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தியிருப்பார். “என்ன அண்ணாச்சி, பிள்ளைக்குப் பால் குடுத்துட்டுத்தான் வாரீகளா?” என்று எவனாவது கேட்டிருப்பான், இவர் ஒன்றும் புரியாமல் பல்லைக் காட்டியிருப்பார், மற்றவர்கள் சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்துவிடுகிறவர்தான், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் முகம் அப்படியே மூடிக்கொள்ளும். அடிக்க மாட்டார். கத்தவும் மாட்டார். அதுதான் பயம். கொழுந்தன் கல்யாணத்தில் மொய்க் கவரில் பேரை எழுதச் சொல்லி இவரிடம் பேனாவைக் கொடுத்தார்கள், தவசிலிங் வரைக்கும் எழுதிவிட்டு ‘கம்’ போட இடமில்லாமல் நின்றார், ஒருத்தன் “அண்ணாச்சி அடுத்த கவர்ல தொடரும்” என்றான். மூன்று நாள் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை, சோற்றுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார். இது அதைவிடப் பெரிசு. போனைத் திறக்கிற கோட்டை மாற்றிவிடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், கோட்டை மட்டும் வேறு மாதிரி இழுத்துவிடுவார், இவள் பழைய கோட்டை இழுத்துப் பார்ப்பாள், போன் உதறும், அவ்வளவுதான், மிஸ் போய்விடுவாள், ஐந்தாவது பாடத்தோடு முடிந்தது படிப்பு. ஒன்பதாவதும் இப்படித்தான் முடிந்தது, யாரும் நிறுத்தவில்லை, இவளாகத்தான் நின்றாள், அதை அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை, அம்மாவுக்கு முடியவில்லை வீட்டில் ஆள் வேண்டும் என்று ஊருக்கு ஒரு காரணம் கிடைத்தது. உண்மைக் காரணம் தண்ணீர். போர்டில் வந்து தண்ணீருக்கு வாய்பாடு எழுது என்றார் சயின்ஸ் சார், சுண்ணாம்புக்கட்டி வியர்வையில் குழைந்தது, முந்தின பீரியடு கணக்கு, அந்த ஞாபகத்தில் ஹெச்சின் காலடியில் போட வேண்டிய சின்ன இரண்டை அதன் உச்சந்தலையில் போட்டாள். “பாருங்கடா, தண்ணிக்கே வர்க்கம் எடுத்துட்டா!” என்றார் சார். கெட்ட மனுசர் இல்லை, சும்மா சொன்னார். அன்றிலிருந்து அவள் பேர் வர்க்கம். ஏ வர்க்கம், தண்ணிப் பானைகிட்ட போகாத, பொங்கிரும். வர்க்கம் வருது வழி விடு. குழாயடியில் நின்றால் கூட யாரோ எங்கேயோ களுக்கென்று சிரிப்பார்கள். வாயைத் திறந்து அதற்குப் பிறகு ஒரு சந்தேகமும் கேட்டதில்லை, பள்ளிக்கூடத்திலும் சரி, கட்டிக்கொண்டு வந்த வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஏதாவது கேக்கணுமா என்றபோதும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பன்னிரண்டு வருசம் கழித்து ஒன்று கேட்டாள். அதற்கு இந்த மானக்கேடு. வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் தனக்கு விதித்தது போல.

பின்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இண்டர்வல் மணி அடித்தது, பத்து ஐம்பது. பிள்ளைகள் இரைந்துகொண்டு வெளியே ஓடுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. உள்ளே தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே மாமியார் பொன்னுத்தாய் வாசல் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள், எதிர்வீட்டுச் சரசு மதினி குரல். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு செண்பகக்கனி காதைத் தீட்டினாள். “ஒங்க மருமக என்ன அத்த, எப்பப் பாரு காதுல ஒயரும் கையுமா இருக்கா? அவ ஆத்தா வீட்டுக்குப் பேசுதாளோ?” “பேசுனா ரெண்டு பக்கமும் சத்தம் வருமில்ல? இவ பேசக் காணோம். தலையத் தலைய ஆட்டுவா, அவ்வளவுதான்.” “பாட்டோ என்னமோ.” “பாட்டுக்கு எவளாவது அழுவாளா? முந்தா நாளு கண்ணத் தொடைச்சிக்கிட்டிருந்தா. நான் ஒண்ணும் கேக்கல. ஏன் கேக்கணும், சின்னஞ் சிறுசு.” சரசு மதினி ஏதோ தணிந்த குரலில் சொன்னாள், மாமியார் பெரிசாகச் சிரித்தாள். எதற்குச் சிரிப்பு? சரசு மதினி வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது. அதற்குள் இங்கேயும் வந்துவிட்டதா? இல்லை, அடுத்தது கத்தரிக்காய் விலை. கத்தரிக்காய்க்கா அப்படிச் சிரித்தார்கள்? முந்தா நாள் அழுதது எதற்கென்று மாமியாருக்குச் சொல்லவும் முடியாது, சொன்னால் நம்பவும் மாட்டாள். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை ஒன்றும் கிடையாது என்று மிஸ் சொன்னாள், அதற்குத்தான். பகை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம் கண்ணுங்களா, அப்படியில்லை, தண்ணீர் எண்ணெயையும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் தண்ணீருக்குள்ளே ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடி அவ்வளவு பலம், அதை விட்டு எண்ணெய்க்கு இடம் கொடுக்க அதற்கு மனசு வராது, அதனால் எண்ணெய் மேலே தனியாக நிற்கிறது என்றாள். இவளுக்கு மடமடவென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்த புதிதில், அம்மாவும் மகனும் பேசிக்கொண்டிருக்கிற இடத்துக்குக் காப்பித் தம்ளரோடு போனால் பேச்சு நின்றுவிடும், தம்ளரை வைத்துவிட்டு இவள் திரும்பினதும் விட்ட இடத்திலிருந்து ஓடும். என்னைப் பிடிக்கவில்லை என்று எத்தனை நாள் புழுங்கியிருக்கிறாள். பிடிக்காமல் இல்லை. புருசன் செத்த பிறகு அந்த ஒரு பிள்ளையையும் கொழுந்தனையும் இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகக் கொண்டுவந்து கரையேறின பொம்பளை, அந்தப் பிடி அப்படி. அதற்காக மிஸ் நடத்துகிற பாடத்தையெல்லாம் வீட்டுக் கதையோடு முடிச்சுப் போட்டு அழுவதா, மிஸ்ஸுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், பரீட்சையில் இப்படி எழுதினால் சைபர்தான்.

இடது பக்கத்தில் ஸ்டிக்கர் பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. தொட்டியை விட்டு நகர்ந்து உட்கார்ந்து எண்ணெய்ச் சட்டியை இழுத்துக்கொண்டாள், துணியைத் தொட்டுத் தடவினாள், பழைய பஜ்ஜி வாசனை குப்பென்று எழுந்தது. சரி, வந்து கேட்டால் என்ன சொல்வது. நான் எழுதவில்லை என்று சொல்லிவிடலாம். யார் எழுதினது? சரசு மதினி மகன் போனை வாங்கி விளையாடினான், அவன்தான் என்று சொல்லலாம், அவன் விளையாட்டுப் பிள்ளை, இல்லையென்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், எனக்குத் தெரியாதுங்க, அந்தப் பயதான் வாங்கினான். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததும் உடனே கசந்தது, ஒன்றும் அறியாத பயல் முதுகில் போய் அறை விழும். அப்படியானால் யாரோ திருடர்கள், போனுக்குள் புகுந்து எழுதுகிறார்களாம், செய்தியில் சொல்கிறார்களே, அது. எந்தத் திருடன் போனுக்குள் புகுந்து ஸ்டிக்கர் பசையைப் பற்றிச் சந்தேகம் கேட்பான்? சிரிப்பு வந்தது, அந்த நிலைமையிலும் வந்தது, உதட்டைக் கடித்தாள். எண்ணெய் தடவின பாட்டிலில் ஓரம் அதற்குள் லேசாகத் தூக்கிக் கொடுத்திருந்தது, இது முந்தியே வெயிலில் கிடந்தது போல. நகத்தைக் கொடுத்து மெல்ல இழுத்தாள், பசை நூல் நூலாக இழுபட்டது, அந்த இழையின்மேல் ஒரு விரல் எண்ணெயைத் தொட்டு வைத்தாள், கரைந்து வழிந்தது. அடுத்த இழையில் வேண்டுமென்றே ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தாள். தண்ணீர் பசையைத் தொட்டும் தொடாமலும் உருண்டையாகத் திரண்டு, தன்னைத் தானே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. கை அப்படியே நின்றுவிட்டது. மைதாவில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகிறது, மாவு தண்ணீரைப் பிடிக்கிறது, தண்ணீர் மாவைப் பிடிக்கிறது, பிசைந்தால் ஒரே உருண்டை. அப்படியானால் மாவுக்குள்ளேயும் அந்தக் கொஞ்சம் பிளஸ், கொஞ்சம் மைனஸ் இருக்க வேண்டும், தண்ணீர் கைகோத்துக்கொள்ள அங்கே கை இருக்கிறது. இந்தப் பசையில் அந்தக் கை இல்லை. எண்ணெயிலும் இல்லை. இரண்டுமே சாய்கிற கூட்டம், பஸ்ஸில் தூங்குகிறவர்கள், ஒன்று சாய ஒன்று சாய, இடையில் புகுந்துகொள்ள எண்ணெய்க்குத் தடையே இல்லை. அதுதான் சொந்தம். மிஸ் சொல்வதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. சரியா தப்பா தெரியாது, தப்பாகவும் இருக்கலாம், உச்சந்தலையில் இரண்டு போட்டவள்தானே, ஆனால் வந்தது, இந்தக் கறுத்த எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும்போது, அவளுக்கு வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பயமா இது வேறா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம்? கேட்டது அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் பதிலும் அவளுடையது இல்லை. அடுத்த பாடத்தில் மிஸ் இதைச் சொல்லும்போது, ஆமா மிஸ், நானும் இதைத்தான் நினைத்தேன் என்று எந்த முகத்தோடு தலையை ஆட்டுவது, கேள்வியைத் தொலைத்தவளுக்குப் பதில் எதற்கு.

தெரு முனையில் லோடு ஆட்டோ சத்தம். இந்த நேரத்துக்கா? மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணிக்குத்தானே வருவார். வேறு யாராவது ஆட்டோவாக இருக்கும், கோலமாவுக்காரனாக இருக்கும். இல்லை, வேகத்தடையில் பின் கதவு இரண்டு தரம் அடிக்கும் அந்தச் சத்தம், அதே அடி, ஆனால் பாட்டில்கள் உரசுகிற கிணுகிணுப்பு இல்லை, ஒன்றும் ஏற்றாமலே காலியாக வருகிறது. பாட்டில் எடுக்காமல் திரும்பிவிட்டார். கடையில் நடந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்ப் பிள்ளையை மார்பில் போட்டுக்கொள்ளலாமா, பிள்ளை குடித்துக்கொண்டிருந்தால் யாரும் வைய மாட்டார்கள், சே, திரும்பவும் பாலா, அந்த வார்த்தைதானே இத்தனையும் செய்தது. வாசலில் ஆட்டோ நின்றது. கதவைச் சாத்துகிற சத்தம் இல்லை, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மாமியார் குரல், “என்னடா, போன கையோட வந்துட்ட? ஒடம்புக்கு முடியலையா?” அப்புறம் அவன் குரல், மெதுவாக, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கும்போது வருகிற அந்தக் குரல், கரண்டு பில்லையும் மருந்துச் சீட்டையும் அப்படித்தான் படிப்பான். “எண்… ணெய்க்கும்… அந்தப்… பசைக்கும்…” அவள் கேள்வி. இதுவரைக்கும் யார் வாயிலும் வராத அவள் கேள்வி, தெருவில், அவன் வாயில், தடுக்கித் தடுக்கி வந்துகொண்டிருந்தது. “அப்… படி… என்ன… சொந்தம்.” “என்னத்தடா படிக்க?” என்றாள் மாமியார். “இரும்மா,” என்றான் அவன். கோபமா அது, தெரியவில்லை, இரும்மா என்பதில் என்ன தெரியும். செண்பகக்கனி கையில் பாட்டிலைப் பிடித்தபடியே இருந்தாள், பாதி உரிந்த ஸ்டிக்கர் காற்றில் படபடத்தது. வெட்கம் கழுத்திலிருந்து ஏறி உச்சந்தலை வரைக்கும் வந்து நின்றது, இனி ஏற இடமில்லை. ஏற இடமில்லை என்று தெரிந்ததும் ஒரு மாதிரி நிதானம்கூட வந்தது. மூன்று நாள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். கோட்டை மாற்றினால் மாற்றட்டும். போன் அவருடையது, பேர் அவருடையது, மீசை அவருடையது, சிரித்ததெல்லாம் அவரைப் பார்த்துத்தான், அதற்கு அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். ஆனால் ஸ்டிக்கரை உரித்த நகம் என்னுடையது, ரெண்டு நாள் தட்டினது என் விரல், கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான், தலையைக் குனிந்துகொண்டாவது சொல்லிவிட வேண்டியதுதான், அதை எழுதினது

“ஏ பிள்ள, இங்க வா. இது யாரு எழுதுனது? இந்த டீச்சரம்மா பேரு கேக்காங்க.”

“வாரேன்,” என்று எழுந்தாள், கையெல்லாம் எண்ணெய், நைட்டிமேல் போட்ட துண்டில் துடைக்கவும் தோன்றவில்லை, வாசலுக்குப் பத்துப் பதினைந்து அடி இருக்கும், அதற்குள் மறந்துவிடக் கூடாது, மறந்துவிடக் கூடாது, அது நான்தாங்க, தப்புத்தான், ஆனா நான்தான், பேரு வேணும்னா எழுதிக்கிடுங்க, செண்பக